தலை தீபாவளிக்கு ஒரு டப்பா தோட்டா

எங்கள் வீட்டுக்குள் முட்டை நுழைந்ததில்லை. வெங்காயத்துக்கே வெள்ளிக்கிழமைகளில் அனுமதி கிடையாது. அப்படிப்பட்ட மயிலாப்பூர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, காட்டுப் பன்றியின் தோள்பட்டையைத் துளைக்க எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டு தோதுப்படும் என்று நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். எல்லாம் மாப்பிள்ளைக்காக. மாப்பிள்ளை என்று ஒருவர் வந்துவிட்டால் மனிதன் எதைத்தான் படிக்கமாட்டான்!

மாப்பிள்ளை டெக்சாஸ்காரர். அசல் டெக்சாஸ்காரர். என் பெண் அங்கே மேல்படிப்புக்குப் போய், வேலையில் சேர்ந்து, அவரையும் சேர்த்துக்கொண்டாள். கல்யாணத்தை இங்கே மயிலாப்பூரில் மண்டபம் பிடித்து, ஒரு சடங்கு விடாமல் நடத்தினோம். ஆறடிக்கு மேல் உயரம். பஞ்சகச்சம் அவருக்கு முழங்காலோடு நின்றுவிட்டது. சாஸ்திரிகள் சொன்ன இடத்தில் உட்கார்ந்தார், சொன்ன இடத்தில் எழுந்தார், புகையில் கண் கலங்கியபோதும் சிரித்துக்கொண்டே இருந்தார். நல்லவர். நல்லவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஏனென்றால் பேசமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை பெண் கூப்பிடுவாள். எங்களோடு பேசிவிட்டு, "இரு, அவர்ட்ட குடுக்கறேன்" என்று போனைக் கொடுப்பாள். "ஹலோ சார்" என்பார். சௌக்கியமா என்று ஆங்கிலத்தில் கேட்பேன். "யெஸ் சார்." அங்கே வெயிலா? "யெஸ் சார்." மழை உண்டா? "நோ சார்." அதற்குமேல் எனக்கும் கேள்வி தீர்ந்துவிடும். போன் திரும்பவும் பெண்ணிடம் போய்விடும். நான் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மந்தைவெளி முதல் அடையாறு வரை அறுந்த கம்பியை எல்லாம் ஒட்டவைத்து ஊரையே பேச வைத்தவன். சொந்த மாப்பிள்ளையோடு லைன் கிடைக்கவில்லை.

இருப்பது ஒரே பெண். அவள் உலகத்தின் அந்தக் கோடியில், பேர் தெரியாத செடிகள் முளைக்கிற ஒரு பண்ணை வீட்டில், இந்த மனிதரோடு இருக்கிறாள். யாரோடு இருக்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டாமா? அவர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பெண் போனை நீட்டாமல் தானாக என்னைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். மனைவியிடம்கூட இதைச் சொல்லவில்லை. சொன்னால் கபாலி கோவிலில் அர்ச்சனைக்குச் சொல்லிவிட்டு, வழியில் பார்க்கிறவர்களிடமும் சொல்லிவிட்டு வருவாள்.

இந்த நிலையில் தலை தீபாவளி வந்தது. கல்யாணமான முதல் தீபாவளிக்கு மாப்பிள்ளையை வீட்டுக்கு அழைத்து, எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்து, அவர் ஆசைப்பட்டதை வாங்கித் தரவேண்டும். மோதிரம் கேட்பவர்கள் உண்டு, மோட்டார் சைக்கிள் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு லீவு இல்லை, எங்களுக்கு விசா நேர்காணலுக்குத் தேதி கிடைக்கவில்லை. சரி, சீராவது போய்ச் சேரட்டும் என்று, மாப்பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று பெண்ணிடம் கேட்கச் சொன்னோம். முதலில் ஒன்றும் வேண்டாம் என்றாராம். "அப்பா அம்மா வருத்தப்படுவா, எதாவது சொல்லு" என்று இவள் நச்சரித்திருக்கிறாள். பாவம், இரண்டு நாள் யோசித்து, பெரியவர்களுக்குச் சிரமம் தராத சின்னப் பொருளாகப் பார்த்துக் கேட்டார்.

"அப்பா, அவருக்கு ஒரு டப்பா தோட்டா போறுமாம்" என்றாள் பெண்.

"எந்த டப்பா?"

"தோட்டாப்பா. ரிவால்வருக்கு. பண்ணைல காட்டுப் பன்னி தொல்லை தாங்கல. வேர்க்கடலைக் கொல்லையை உழுதுட்டுப் போயிடறது. நவம்பர்ல மான் சீசன் வேற ஆரம்பிக்கறது. ரெண்டுக்கும் ஆகற மாதிரி உன்னையே பாத்துச் சொல்லச் சொல்றார். அவருக்கு எதுன்னாலும் ஓகேயாம். நான் இங்க கடைல வாங்கிடறேன்."

டெக்சாஸில் அது கைக்குட்டை கேட்கிற மாதிரியாம். என் மனைவி எழுந்து போய் சுவாமி அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். இந்தப் பேச்சு பெருமாள் காதில் விழவேண்டாம் என்று நினைத்திருப்பாள்.

"ஏன்னா, பன்னி வராக அவதாரம் இல்லையோ?"

"ஆமாம்."

"மான்?"

"அது அவதாரம் இல்லை."

"அதுக்காகச் சுடறதா?" என்றாள். பிறகு அவளே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தீர்ப்பும் சொன்னாள். "மாப்பிள்ளை முதல் முதல்ல வாயைத் திறந்து கேட்டிருக்கார். இல்லேன்னு சொல்லப்படாது. நல்ல குண்டாப் பாத்துக் குடுத்துடுங்கோ. அது யார் மேலயும் படாம இருக்கணும்னு நான் கபாலிகிட்ட வேண்டிக்கறேன்."

இதைவிட நியாயமான ஏற்பாட்டை எந்த நீதிமன்றத்திலும் எதிர்பார்க்க முடியாது. நான் வேலையை ஆரம்பித்தேன். எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. இதுவரை வெயில், மழை தவிர எங்களுக்குள் பேச விஷயமே இல்லை. இப்போது விஷயம் கிடைத்துவிட்டது. குண்டைப் பற்றி நான் அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்துகொண்டு ஒரு கேள்வி கேட்டால், அந்த மனிதர் "யெஸ் சார்" என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது.

வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். அதில் தாடி வைத்த தடியர்கள் ஜெல்லிக் கட்டியைச் சுட்டுவிட்டு, அதற்குள் அளவுகோலை விட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். விஷயம் என்னவோ எளிமையானதுதான். மானுக்குத் தோல் மெல்லிசு, உடம்பும் அப்படித்தான். அதற்கு நுனியில் குழி வைத்த குண்டு. உள்ளே போனதும் பூ மாதிரி விரிந்துவிடும், மான் ஓடித் திண்டாடாமல் அங்கேயே விழும். ஆனால் அதே குண்டைப் பன்றி மேல் விட்டால் நடப்பது வேறு. ஆண் பன்றிக்குத் தோளில் வெல்லப்பாகு இறுகின மாதிரி கெட்டியாக ஒரு கவசம் உண்டு. குழிக் குண்டு அதிலேயே விரிந்து உட்கார்ந்துவிடும். பன்றிக்குக் கோபம் வருவதுதான் மிச்சம். அதற்கு விரியாத, மூக்கு தட்டையான, கெட்டி ஈயக் குண்டு வேண்டும். அதையே மான் மேல் விட்டால் ஊசி மாதிரி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும். மான் வெகுதூரம் ஓடி எங்கேயோ கிடந்து அவஸ்தைப்படும். ஒன்றுக்கு நல்லது மற்றதற்கு ஆகாது. மாப்பிள்ளை கேட்டதோ இரண்டுக்கும் ஒன்று.

எடையை 'கிரெய்ன்' என்று ஒரு அளவில் சொல்கிறார்கள். இருநூற்று நாற்பது கிரெய்ன் என்று படித்துவிட்டு, அது எத்தனை கிராம் என்று போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"பதினஞ்சரை கிராமா? ரெண்டு பவுனுக்குக் கொஞ்சம் கம்மி" என்றாள் உடனே. தி. நகர் நகைக் கடைகளில் பழகிய மூளை. "ஒரு குண்டு ரெண்டு பவுனா? பொண்ணுக்கு நாம போட்ட வளையலே ஒண்ணு ரெண்டு பவுன்தானே! அதைத் தூக்கிப் பன்னி மேல எறியற மாதிரின்னா இருக்கு." அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குண்டுக்கு எடை பவுன்தான். "நூத்தி எண்பது கிரெய்ன் ஒன்றரைப் பவுன்தான் வரும், மாப்பிள்ளைக்குக் குறைவாச் செஞ்சோம்னு நாலு பேர் பேசுவா" என்று லேசான குண்டுகளை எல்லாம் அவள் தள்ளிவிட்டாள்.

எனக்கு யோசனை கேட்க ஒரே நண்பர்தான். பெசன்ட் நகர் கடற்கரையில் காலையில் என்னோடு நடப்பவர். தி. நகரில் தலைமுறை தலைமுறையாகத் தோல் பெல்ட்டும் பையும் விற்ற குடும்பம். இப்போது கடையை மகன்கள் பார்த்துக்கொள்கிறார்கள், இவர் தொப்பையைப் பார்த்துக்கொள்கிறார். போலீஸ்காரர்களுக்குத் துப்பாக்கி உறை தைத்துக் கொடுத்திருக்கிறார் என்பதால், துப்பாக்கி விஷயத்தில் எனக்குத் தெரிந்த ஒரே நிபுணர் அவர். விஷயத்தைச் சொன்னதும் மணலில் அப்படியே நின்றுவிட்டார்.

"சார், நான் உறைதான் தெச்சேன். உள்ள இருந்தது பிஸ்டலா வாழைக்காயான்னுகூடப் பாத்தது கெடையாது" என்றார். "அதுவும் பன்னிக்கு எங்கிட்ட வந்து கேக்கறீங்களே, தௌபா தௌபா! உங்களுக்கு மான் ஆகாது, எனக்குப் பன்னி ஆகாது. ரெண்டு பேரும் உக்காந்துகினு குண்டு செலக்ட் பண்ணா உருப்படுமா?"

சொன்னாரே தவிர, மறுநாள் எனக்கு முன்னால் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ராத்திரி பேரன் போனில் ஆறு வீடியோ பார்த்தாராம். குழிக் குண்டுதான் சரி என்றார். நான் கெட்டிக் குண்டு என்றேன். அலை ஓரமாக நடந்துகொண்டே "மானோட நுரையீரல்ல..." என்று அவரும், "பன்னியோட தோள்ல..." என்று நானும் சத்தமாக வாதாடியதில், எங்களுக்கு முன்னால் நடந்த யோகா கோஷ்டி வேகத்தைக் கூட்டிவிட்டது. அதுவரை சேர்ந்து நடந்த ஒரு அம்மாள் மறுநாள் முதல் வேளாங்கண்ணி கோவில் பக்கமாகத் திரும்பி நடக்க ஆரம்பித்தார்.

பேச்சில் தீராததைச் சோதனை செய்து பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தோம். எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் பன்றிக்குப் பதில் ஒரு பூசணிக்காயும், மானுக்குப் பதில் ஒரு பப்பாளியும் வைத்தோம். கெட்டிக் குண்டுக்குக் கொட்டைப்பாக்கு. விரிகிற குண்டுக்கு, முந்தின நாள் மிஞ்சின கொழுக்கட்டை. துப்பாக்கிக்கு நண்பரின் பேரனுடைய உண்டிவில். நண்பர் ஒற்றைக் கண்ணை மூடி, நாக்கை வெளியே நீட்டிக் குறி பார்த்தார். கொழுக்கட்டை பூசணி மேல் பட்டு அருமையாக விரிந்தது. பூசணிக்கு ஒன்றும் ஆகவில்லை. "பாத்தீங்களா, கவசம்!" என்றேன். கொட்டைப்பாக்கு பப்பாளிக்குள் ஒரு ஓட்டை போட்டுக்கொண்டு போய், பக்கத்து வீட்டுத் துணிக்கொடியில் காய்ந்த வேட்டியில் பட்டது. "ஓடிப்போச்சு பாருங்க, மான்!" என்றார் நண்பர். இரண்டு பேரும் சரி. அதுதான் பிரச்சினையே.

சத்தம் கேட்டு வாட்ச்மேன் மேலே வந்தார். கூவம் கரைக் குடிசைகளை எடுத்தபோது ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிறவர். எங்கள் கட்டடத்தில் நடக்கும் எதற்கும் லேசில் அசரமாட்டார்.

"இன்னா சார் பண்ணிக்கினு கீறீங்க?"

"மாப்பிள்ளைக்குத் தலை தீபாவளி" என்றேன். அந்த நேரத்தில் அதுதான் வாயில் வந்தது.

அவர் பூசணியைப் பார்த்தார், கொழுக்கட்டையைப் பார்த்தார், உண்டிவில்லோடு நின்ற என் நண்பரைப் பார்த்தார். "திருஷ்டி கழிக்கறதுன்னா கீழ ரோட்ல போட்டு ஒடைங்க சார். மாடில ஒடைச்சா யாரு கழுவறது?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

இத்தனையையும் நான் மாப்பிள்ளைக்கு அவ்வப்போது எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். சின்னச் செய்தி இல்லை, கட்டுரை. மானின் தோல், பன்றியின் கவசம், கொட்டைப்பாக்குச் சோதனையின் முடிவுகள், பப்பாளியின் புகைப்படம், எல்லாம் ஆங்கிலத்தில், பத்தி பிரித்து. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வரும். இன்னும் நீளமாக எழுதினேன். இன்னொரு கட்டைவிரல். 'உங்கள் அனுபவத்தில் பன்றி எவ்வளவு தூரத்திலிருந்து பாயும்?' என்று கேள்விக்குறி போட்டே கேட்டேன். கட்டைவிரல். எனக்கு மனசு விட்டுப்போனது. நான் எழுதுவதைப் படிக்கிறாரா, அல்லது வீட்டு நாய் திரையை நக்குகிறதா என்றே தெரியவில்லை.

கிண்டிக் காட்டு வேலியோரம் போனதும் அந்த வாரம்தான். கிண்டியில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற வழியில், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஒரு புள்ளிமான் நின்றது. மானின் தோள் சரியாக எந்த இடம் என்று பார்க்கலாமே என்று ஆட்டோவை நிறுத்தி இறங்கினேன். அது யாரோ எறிந்த வாழைப்பழத் தோலை மென்றுகொண்டே என்னைப் பார்த்தது. முன்காலுக்குச் சற்றுப் பின்னால் என்று வீடியோவில் சொன்ன இடத்தைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததும் வெட்கமாக இருந்தது. தின்றுகொண்டிருக்கிற பிராணியைப் பார்த்து இப்படி ஒரு கணக்குப் போடுகிறோமே என்று இருந்தது. அன்று மாலை நானும் கோவிலுக்குப் போய், மனைவி வேண்டிக்கொண்டதையே நானும் வேண்டிக்கொண்டேன். ஒரு பக்கம் குண்டு தேர்ந்தெடுப்பதும் மறு பக்கம் அது குறி தப்பவேண்டும் என்று வேண்டிக்கொள்வதும் கபாலிக்குக் குழப்பமாக இருந்திருக்கும். அவர் இதைவிடப் பெரிய குழப்பம் எல்லாம் பார்த்தவர்.

கடைசியில் இரண்டுக்கும் நடுவில் ஒன்று அகப்பட்டது. உடம்பெல்லாம் செம்புத் தகடு போர்த்து, நுனியில் மட்டும் கொஞ்சம் ஈயம் தெரிகிற குண்டு. மானுக்குள் நிதானமாக விரியும். எடை நன்றாக இருந்தால் பன்றிக்குள்ளும் ஆழமாகப் போகும். நண்பர் ஒத்துக்கொண்டார். இரண்டு பவுன் சுமார் என்பதால் மனைவியும் ஒத்துக்கொண்டாள். ஆனால் டப்பாவில் இருபது தோட்டா என்றதும் மறுத்தாள்.

"இருபதா? முழுசா முடியற மாதிரி எங்கயானும் சீர் குடுப்பாளா? ஒண்ணு சேத்து இருபத்தொண்ணாக் குடுக்கச் சொல்லுங்கோ."

மொய்ப் பணத்தில் ஒரு ரூபாய் சேர்க்கிற மாதிரி டெக்சாஸ் கடையில் ஒரு தோட்டா சில்லறையாகக் கிடைக்காது என்று பெண் சொல்லிப் பார்த்தாள். பலிக்கவில்லை. மாப்பிள்ளை தன் பழைய டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துச் சேர்த்து, தனக்குத்தானே சீர் செய்துகொண்டார். அதற்கும் ஒரு கட்டைவிரல் வந்தது.

பெண் கடையில் தோட்டா வாங்கினது நவராத்திரி சமயம். ஆயுத பூஜைக்கு என்னென்ன வைக்கவேண்டும் என்று பெண் கேட்டாள். நாங்கள் வருஷா வருஷம் திருப்புளியையும் இஸ்திரிப் பெட்டியையும் சுவாமி முன்னால் வைத்து ஆயுத பூஜை கொண்டாடுகிற பரம்பரை. எங்கள் குடும்பத்தில் முதல் தடவையாக நிஜமான ஆயுதம் வந்திருக்கிறது, விடுவேனா? ரிவால்வரையும் தோட்டா டப்பாவையும் வைக்கச் சொன்னேன். வீடியோவில் பார்த்தோம். லாப்டாப், கார் சாவி, குக்கர், புல் வெட்டுகிற மெஷின், நடுவில் உறையோடு ரிவால்வர். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு சாமந்திப் பூ. மாப்பிள்ளை பின்னால் கைகட்டி நின்றார்.

"நாளைக்குக் காலம்பற குளிச்சிட்டுப் புனர்பூஜை பண்ணற வரைக்கும் யாரும் ஒண்ணையும் தொடப்படாது" என்றேன். பெண் தலையாட்டினாள். அவளுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இவருக்குத் தெரியாதே என்று, தனியாக ஆங்கிலத்திலும் எழுதி அனுப்பினேன்: பூஜையில் வைத்த கருவிகள் ஓய்வெடுக்கின்றன, மறுநாள் பூஜை முடியும் முன் எடுப்பது மரியாதை இல்லை. கட்டைவிரல் வந்தது.

மறுநாள் விஜயதசமி. மாலையில் தி. நகரில் ஒரு ஜவுளிக் கடையில் இருந்தோம். தீபாவளிக் கூட்டம். மனைவி தரையில் விரித்த வெள்ளைத் துணி முன்னால் உட்கார்ந்து புடவை பார்த்துக்கொண்டிருந்தாள். நான், கணவர்களுக்காக ஓரமாகப் போட்டிருக்கும் நாற்காலியில், மடியில் நாலு பையோடு உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. மாப்பிள்ளையின் பெயர். பெண்ணின் பெயர் இல்லை.

மடியிலிருந்த பைகளைக் கீழே தள்ளினேன். இந்த மனிதர் தானாகக் கூப்பிட்டால் பெண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் அர்த்தம். எடுத்து, "என்ன ஆச்சு? அவளுக்கு என்ன ஆச்சு?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

"சார்," என்றார் மெதுவாக, கிசுகிசுப்பான ஆங்கிலத்தில், "அவள் நன்றாக இருக்கிறாள். வீட்டில் இருக்கிறாள். நான் மரத்தில் இருக்கிறேன்."

"எதில்?"

"மரத்தில், சார். கீழே பன்றி இருக்கிறது."

அங்கே அப்போது காலை. எழுந்து வேலியைப் பார்த்துவிட்டு வரப் போயிருக்கிறார். புதருக்குள் குட்டிகளோடு ஒரு தாய்ப் பன்றி. துரத்தியதில் கைக்கு அகப்பட்ட ஓக் மரத்தில் ஏறிவிட்டார். என் பெண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தாராம், எடுக்கவில்லையாம். புனர்பூஜைக்குத் தலைக்குக் குளித்துக்கொண்டிருப்பாள்.

"துப்பாக்கி எங்கே? புதருக்குள் போகும்போது அது இல்லாமல் போகமாட்டீர்களே?"

"நீங்கள்தான் எடுக்கக்கூடாது என்று எழுதினீர்கள், சார்" என்றார். "பூஜை முடிந்துவிட்டதா?"

பூசணியைக் கொழுக்கட்டையால் அடித்து, பவுன் கணக்கில் எடை பார்த்து, கடலோரம் சண்டை போட்டு நான் தேர்ந்தெடுத்த அத்தனை தோட்டாவும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கின்றன. நான் சொன்னேன் என்பதற்காக என் மாப்பிள்ளை வெறுங்கையோடு காட்டுக்குள் போய், மரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஏதாவது ஆனால் என் பெண் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? பயம், பயத்துக்கு நடுவில் ஒரு சந்தோஷம், அந்தச் சந்தோஷத்தை நினைத்து வெட்கம், எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. படித்திருக்கிறார். நான் எழுதினதை எல்லாம் படித்திருக்கிறார்!

"அசையாதீர்கள்" என்றேன். "பன்றிக்குக் கண் மந்தம், மூக்குத்தான் கூர்மை. மரம் ஏறத் தெரியாது. அது எந்தப் பக்கம் பார்க்கிறது? காது நிமிர்ந்திருக்கிறதா, மடிந்திருக்கிறதா?"

புடவை விரித்துக்கொண்டிருந்த கடைப்பையன் கை அப்படியே நின்றது. மனைவி திரும்பி, "யாருன்னா? என்ன பன்னி?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் மாம்பழ நிறப் புடவையைத் தோளில் போட்டபடியே எழுந்து வந்துவிட்டாள்.

"குட்டியோட இருக்கறதுன்னா பசிதான் இருக்கும். பாக்கெட்ல திங்கறதுக்கு எதாவது வெச்சிண்டிருக்காரா கேளுங்கோ."

கேட்டேன். நேற்றைய பூஜைச் சுண்டல் ஒரு பையில் இருக்கிறதாம், காலை ஆகாரத்துக்கு எடுத்துப் போயிருக்கிறார். "தூரமா வீசி எறியச் சொல்லுங்கோ! கிட்டக்கப் போட்டா அங்கயே நின்னுடும்!" என்றாள். நான் மொழிபெயர்த்தேன். பை பிரிகிற சத்தமும், பிறகு உறுமலும் கேட்டது. தின்ன ஆரம்பித்துவிட்டது என்றார் மாப்பிள்ளை. தேங்காய் போட்ட சுண்டலா என்று மனைவி விசாரித்தாள். ஆமாம் என்றதும், "பேஷ்" என்று சொல்லிவிட்டுப் புடவைக்குத் திரும்பிவிட்டாள். அவளைப் பொறுத்தவரை பெருமாளுக்கு நைவேத்தியம் ஆகிவிட்டது.

"போனை வைக்காதீர்கள்" என்றேன். "அது போகிறவரை பேசிக்கொண்டே இருப்போம்." சொல்லிவிட்டேனே தவிர, என்ன பேசுவது? வெயிலா என்று கேட்கவா முடியும்? வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். வேலையில் சேர்ந்த புதிதில் மந்தைவெளியில் ஒரு தொலைபேசிக் கம்பத்தில் ஏறியிருந்தபோது, கீழே ஒரு எருமை வந்து நின்றுகொண்டு நகராமல் இருந்த கதை. கம்பத்தின் உச்சியிலேயே லைனை இணைத்து ஆபீசுக்குப் போன் பண்ணினேன். எருமை என்றேன். எடுத்தவர், "புகார் எண் என்ன?" என்று கேட்டார்.

அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. பன்றியோ என்று பயந்துவிட்டேன். மாப்பிள்ளை சிரிக்கிறார். அவர் சிரிப்புச் சத்தத்தை அன்றுதான் முதலில் கேட்டேன். பெரிய மனிதருக்குச் சின்னப் பையன் சிரிப்பு.

"சார், ரொம்ப நாளாகக் கேட்கவேண்டும் என்று இருந்தேன்" என்றார். "கொட்டைப்பாக்கு என்றால் என்ன?"

சொன்னேன். வெற்றிலை, சுண்ணாம்பு, கல்யாணத்தில் அவர் மடியில் போட்டார்களே அது, எல்லாம் சொன்னேன். பப்பாளிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். வாட்ச்மேன் என்ன சொன்னார் என்று கேட்டார். என் நண்பரைப் பற்றிக் கேட்டார். "ஏன் கட்டைவிரலோடு நிறுத்திவிடுகிறீர்கள்?" என்று நான் கேட்டேவிட்டேன். "எங்கள் வீட்டில் பெரியவர்களிடம் நீட்டி முழக்கிப் பேசுவது மரியாதை இல்லை, சார்" என்றார். தான் எழுதினால் தப்பாகிவிடுமோ என்று நாலு வரி எழுதி எழுதி அழித்துவிட்டு, கடைசியில் கட்டைவிரலைப் போட்டுவிடுவாராம். என் பெண் அரிசியைக் குழைய விட்டுவிடுகிறாள், அதை எப்படிச் சொல்வது என்று கேட்டார். "சொல்லவே சொல்லாதீர்கள், என் மனைவியிடம் நான் இன்றுவரை சொன்னதில்லை" என்றேன். இரண்டு பேரும் அதற்கும் சிரித்தோம். ஜவுளிக் கடையில் விளக்கு அணைக்கிற நேரம் நெருங்கி, மனைவி பில் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். நான் கையைக் காட்டி அவளை உட்காரச் சொன்னேன்.

பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. "அது இன்னும் நிற்கிறதா?"

"எது, சார்?"

"பன்றி!"

"ஓ. அது அப்போதே போய்விட்டது, சார்."

"எப்போது?"

"நீங்கள் எருமைக் கதையை ஆரம்பித்தபோது."

"பின்னே ஏன் இறங்கவில்லை?"

"நீங்கள் பேசிக்கொண்டிருந்தீர்களே" என்றார்.